எரிமலைத் தீவில் ஆட்டுக்கு என்ன வேலை?

போர்ட் பிளேயரிலிருந்து வடகிழக்கே சுமார் 138 கிலோமீட்டர் கடலில் போனால் பாரன் தீவு. மூன்று கிலோமீட்டர் குறுக்களவுதான். கறுத்த எரிமலைக் குழம்பு இறுகிக் கிடக்கிறது, நடுவே கூம்பு புகைகிறது. 1787இல் சீறியதாக முதல் பதிவு. 19ஆம் நூற்றாண்டில் அடங்கி, 1991இல் மறுபடி எழுந்தது. சுற்றுலாக் கப்பலிலிருந்து பார்க்கலாம், இறங்க விடமாட்டார்கள். மனிதக் குடியிருப்பு கிடையாது. ஆனால் ஆடு உண்டு!

19ஆம் நூற்றாண்டின் இறுதியில் வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்து விட்டது என்பார்கள். கப்பல் உடைந்து ஒதுங்குகிறவன் பசியாறட்டும் என்று ஆளில்லாத் தீவுகளில் ஆடு விடுவது அந்தக் காலத்து வழக்கம். குடிநீருக்கு அவை என்ன செய்கின்றன என்பது வெகுநாள் புதிர். கடல்நீரையே குடிக்கின்றன என்றுகூடச் சொல்லிப் பார்த்தார்கள். பிறகு, 2003 வாக்கில், அங்கே நன்னீர் ஊற்று இருப்பதைப் புவியியலாளர்கள் எழுதினார்கள்.

நூற்றுச் சொச்சம் ஆண்டில் ஆடு ஆடாகவே இருக்கிறது. ஐம்பது லட்சம் ஆண்டு விட்டால்? மத்தியதரைக் கடலின் மயோர்க்கா, மெனோர்க்கா தீவுகளில் அப்படி நடந்திருக்கிறது. கடல் வற்றியிருந்த சமயத்தில் நடந்தே வந்த ஆட்டினம், நீர் திரும்பியதும் மாட்டிக்கொண்டது. அதன் எலும்புகளை மயோர்க்காவின் குகைப் படிவுகளில் கண்டெடுத்து, 1909இல் மயோட்ராகஸ் என்று பெயரிட்டவர் டோரத்தியா பேட் என்ற பிரிட்டிஷ் பெண்மணி.

தோள் உயரம் அரை மீட்டர்தான். கீழ்த்தாடையில் முன்பற்கள் ஒரே ஜோடி. எலிக்குப் போல வாழ்நாளெல்லாம் வளர்ந்துகொண்டே இருந்தவை. ஆட்டுக்குக் கண் பக்கவாட்டில் இருப்பது, எந்தப் புதரிலிருந்து எது பாயும் என்று பார்க்கத்தான். அங்கே பாய ஒன்றுமில்லை. கண்கள் மெல்ல முன்பக்கம் நகர்ந்தன, மூளை சுருங்கியது. எலும்பை அறுத்துப் பார்த்தவர்கள், முதலைக்கு உள்ளது போன்ற வளர்ச்சி வளையங்கள் தெரிவதாக 2009இல் அறிவித்தார்கள்: தீனி குறைந்தால் வளர்ச்சியை நிறுத்தி, கிடைத்தால் தொடர்கிற உடம்பு. சிக்கனத்தில் இதை மிஞ்ச ஆளில்லை.

சுமார் 4,500 ஆண்டுகளுக்கு முன் மனிதன் படகில் வந்து இறங்கினான். அதற்குப் பின் மயோட்ராகஸ் அதிக காலம் தாக்குப்பிடிக்கவில்லை. ஓடத் தெரியாத இறைச்சியை யார் விடுவார்கள்?

பாரன் தீவின் கதை தலைகீழ். அங்கே ஆடுதான் வந்தேறி. மேய்ச்சல் விலங்கையே அறியாத செடிகொடிகளைத் தின்கிறது. தீவோ வனவிலங்குச் சரணாலயம். சரணாலயம் யாருக்கு, செடிக்கா ஆட்டுக்கா என்று கேட்டால், என் ஓட்டு செடிக்கு. ஆட்டுக்கு வேறு ஊர் உண்டு.