மெதுவாகச் செல்கையில் திணறும் மோட்டார் சைக்கிள்

காங்கேயம் வட்டாரத்தில் முன்னர் மாட்டு வண்டிகள் செய்துவந்த வேலையில் பெரும்பகுதியை இன்று மோட்டார் சைக்கிளும் மொபெட்டும் ஏற்றுக்கொண்டுள்ளன. நூல் மூட்டை, நெய்த துணி, தேங்காய், பால் கேன் ஆகிய யாவும் இவற்றின்மீதே செல்கின்றன. இவ்வண்டிகளில் அடிக்கடி காணும் கோளாறு, வேகத்தில் நன்கு ஓடி, மெதுவாகச் செல்கையில் திணறுவதாகும். இதனை அற்பமென எண்ணலாகாது. கிளைச் சாலையிலிருந்து கோவை–திருச்சி நெடுஞ்சாலையில் ஏறும் தறுவாயில் வண்டி தயங்கி நிற்குமாயின் உயிருக்கே ஆபத்தாகும். காரணம் அறியாது கார்புரேட்டரையே மாற்றிவிடும் அங்கத்தினர்களுக்குப் பண நஷ்டமும் உண்டு.

கார்புரேட்டரில் பெட்ரோல் செல்ல இரு வழிகள் உள்ளன. ஆக்ஸிலரேட்டரைச் சிறிதளவே திருகும்போது, ஊசிமுனை போன்ற துளையுடைய பைலட் ஜெட்டின் வழியாகவே பெரும்பாலும் பெட்ரோல் செல்கிறது. அதிகம் திருகினால் மெயின் ஜெட் வேலை செய்கிறது. ஆகையால் வேகத்தில் குறையின்றி ஓடும் வண்டி மெதுவாகச் செல்கையில் மட்டும் திணறினால், முதற் சந்தேகம் பைலட் ஜெட்டின்மீது எழுவது நியாயமே. எனினும் செலவில்லாத சோதனைகளை முதலில் செய்தல் நலம்.

முதலாவது, என்ஜினை நிறுத்தி, வண்டியை நடு ஸ்டாண்டில் நிறுத்தி, நியூட்ரலில் பின்சக்கரத்தைக் கையால் சுழற்றுக. பிரேக் பிடிப்பினாலோ, செயின் தளர்ச்சியினாலோ உண்டாகும் குலுக்கலை என்ஜினின் குறையென மயங்குவோர் பலர்.

இரண்டாவது, ஏர் பில்டரைக் காண்க. தறிக்கூடத்துப் பஞ்சுத் தூசியும், கொப்பரைக் களத்துப் புழுதியும் அதனை விரைவில் அடைத்துவிடும். காகித பில்டரை நீரில் கழுவலாகாது. அழுக்கு மிகுந்தால் புதிது மாற்றுதல் வேண்டும்.

மூன்றாவது, என்ஜின் ஆறியபின் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றுக. உலர்ந்த கரி படிந்திருப்பின் பெட்ரோல் மிகுதி அல்லது காற்றுக் குறைவு. முனை வெளுத்திருப்பின் பெட்ரோல் குறைவு எனச் சந்தேகிக்கலாம். முனைகளின் இடைவெளி வண்டியின் கைப்புத்தகத்தில் கண்ட அளவில் இருத்தல் வேண்டும்.

நான்காவது, திணறும் நிலையில் சோக்கைச் சிறிது இழுத்துப் பார்க்கவும். திணறல் குறைந்தால் பெட்ரோல் போதவில்லை என்று பொருள். பைலட் ஜெட் அடைபட்டிருக்கலாம். அன்றி, கார்புரேட்டருக்கும் என்ஜினுக்கும் இடையேயுள்ள ரப்பர் இணைப்பு வெடித்துக் காற்று புகலாம். அவ்விணைப்பின்மீது சிறிது தண்ணீர் தெளிக்கையில் என்ஜின் ஓசை மாறுமாயின் காற்றுக் கசிவு உண்டு. இச்சோதனைக்குப் பெட்ரோலை ஒருபோதும் உபயோகிக்கலாகாது, தீப்பற்றும்.

பைலட் ஜெட்டை இரும்புக் கம்பியால் குத்துவது தவறு. பித்தளைத் துளை அகன்று, பின்னர் பெட்ரோல் வீண் செலவாகும். கார்புரேட்டர் கிளீனரும் காற்றழுத்தமுமே போதுமானவை.

2023-ஆம் ஆண்டில் 20 சதம் எத்தனால் கலந்த பெட்ரோல் நம் நாட்டில் விற்பனைக்கு வந்தது. எத்தனால் ஈரத்தை ஈர்க்கும் தன்மையுடையது. ஆகவே வாரக்கணக்கில் ஓடாது நின்ற வண்டியில், கார்புரேட்டர் கிண்ணத்தில் தங்கிய பழைய பெட்ரோலை வடித்துவிடுவது அவசியம்.

இவை யாவும் சரியாயிருந்தும் குறை தீராவிடில், வால்வு இடைவெளியை மெக்கானிக் மூலம் சோதிக்க வேண்டும்.

2020 ஏப்ரல் 1 முதல் அமலுக்கு வந்த பாரத் ஸ்டேஜ் 6 விதிகளுக்குப் பின் விற்பனையான வண்டிகளில் பெரும்பாலும் பெட்ரோலை மின்னணு முறையில் பீய்ச்சும் இன்ஜெக்ஷன் அமைப்பு உள்ளது. இவற்றில் பைலட் ஜெட் கிடையாது. பில்டர், பிளக் சோதனைகள் பொருந்தும். என்ஜின் எச்சரிக்கை விளக்கு எரியுமாயின் உரிய கருவி கொண்டு கோளாறுக் குறியைப் படித்தறிதல் வேண்டும்.

ஒரு சமயத்தில் ஒரு மாற்றம் மட்டுமே செய்து ஓட்டிப் பார்த்தால்தான் உண்மைக் காரணம் புலப்படும். பிளக் ஸ்பானரும் இடைவெளி அளவு தகடும் அதிக விலையுடையவை அல்ல. அங்கத்தினர் நால்வர் கூடி ஒரு செட் வாங்கி வைத்துக்கொண்டால், நால்வர் வண்டிக்கும் அது பயன்படும்.