"போன மாசமே சொன்னேனே அக்கா..." வாயில் சொல்லிவிட்டு வீட்டை காலி செய்தால் அட்வான்ஸ் அவ்வளவுதான்!

திருப்பூர்:
திருப்பூரில் லைன் வீடுகளில் குடியிருக்கும் பனியன் தொழிலாளர்கள் பலரிடம் வாடகை ஒப்பந்தம் என்று எதுவும் கிடையாது. அட்வான்ஸ் கொடுத்த அன்று ஓனர் டைரியில் ஒரு வரி எழுதுவார். அதோடு சரி. குடி வரும்போது எல்லாம் சுமுகம்தான். காலி செய்யும்போதுதான் பஞ்சாயத்து ஆரம்பிக்கிறது.

ஸ்கூல் லீவு விடும் மே மாதம் தொடங்கி, ஆனி முடிவதற்குள் வீடு மாறிவிட எல்லோரும் துடிப்பார்கள். ஆடி பிறந்துவிட்டால் யாரும் புது வீட்டில் பால் காய்ச்ச மாட்டார்கள். இது ஓனருக்கும் தெரியும். "ஆனி கடைசியில வந்து காலி பண்றேன்னா எப்படிங்க? ஆடி பூரா வீடு சும்மா கிடக்குமே. ஒரு மாச வாடகையை கழிச்சுட்டுத்தான் அட்வான்ஸ் தருவேன்" என்று நிற்பார். "போன மாசமே வாசல்ல நின்னு சொன்னேனே அக்கா" என்பார் குடியிருந்தவர். சொன்னதற்கு சாட்சி? யாரும் இல்லை.

15 நாள்... எங்கிருந்து கணக்கு?

இதற்கு பழைய சட்டம் ஒன்று இருக்கிறது. 1882-ம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம், 106-வது பிரிவு. வேறு ஒப்பந்தம் எதுவும் இல்லாமல் ஒரு வீட்டில் வாடகைக்கு இருந்தால், அது மாதாமாதம் ஓடும் வாடகை என்றே கருதப்படும். குடியிருப்பவரோ, ஓனரோ, யார் முடித்துக்கொள்ள நினைத்தாலும் 15 நாள் நோட்டீஸ் கொடுக்க வேண்டும். நோட்டீஸ் எழுத்தில் இருக்க வேண்டும், கையெழுத்து வேண்டும். வாசலில் நின்று சொன்னது கணக்கில் வராது.

முன்பெல்லாம் இந்த 15 நாள், வாடகை மாதம் முடியும் நாளோடு சேர்ந்து முடிய வேண்டும். ஒரு நாள் தவறினாலும் நோட்டீஸ் செல்லாது என்று வழக்கு இழுபடும். 2002 கடைசியில் அமலுக்கு வந்த திருத்தத்துக்குப் பிறகு அந்த தொல்லை இல்லை. நோட்டீஸ் கையில் கிடைத்த நாளில் இருந்து 15 நாள், அவ்வளவுதான்.

அப்படியானால் ஊரெல்லாம் சொல்லும் 'ஒரு மாசம் முன்னாடி சொல்லணும்' என்பது? அது வழக்கம். ஆனால் குடி வரும்போது "ஒரு மாசம் முன்னாடி சொல்லிடுறேன்" என்று நீங்கள் ஒத்துக்கொண்டிருந்தால், ஓனர் அதைப் பிடித்துக்கொள்வார். வாய்ப்பேச்சும் ஒப்பந்தம்தான். அதனால் முடிந்தவரை ஒரு மாதம் கொடுத்துவிடுவதே நல்லது. பாவம், ஓனருக்கும் டூலெட் போர்டு மாட்ட நேரம் வேண்டாமா?

ஓனர் நோட்டீஸ் கொடுத்துவிட்டால் 16-வது நாள் பூட்டு போடலாம் என்று யாரும் நினைக்க வேண்டாம். குடியிருப்பவர் போக மறுத்தால் கோர்ட் வழியாகத்தான் காலி செய்ய வைக்க முடியும். தண்ணீரையும் கரண்ட்டையும் நிறுத்துவது சட்டப்படி தவறு.

ஒரு வெள்ளைத்தாள் போதும்

இதற்கு வக்கீல் தேவையில்லை. ஓனர் பெயர், கதவு எண், மாத வாடகை, கொடுத்த அட்வான்ஸ் தொகை, எந்த தேதியில் காலி செய்கிறீர்கள், இவ்வளவையும் எழுதி தேதி போட்டு கையெழுத்து போடுங்கள். இரண்டு காப்பி எடுத்து ஒன்றை ஓனரிடம் கொடுத்து, இன்னொன்றில் 'பெற்றுக்கொண்டேன்' என்று கையெழுத்து வாங்க வேண்டும். ஓனர் வீட்டில் இல்லை என்றால் அவர் குடும்பத்தாரிடம் கொடுக்கலாம், சட்டம் ஏற்றுக்கொள்கிறது. கையெழுத்து போட மறுத்தால் சண்டை வேண்டாம். ஸ்பீட் போஸ்டில் அனுப்பி ரசீதை பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். அதையே போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பிலும் தட்டிவிட்டால் இன்னும் பலம். வாட்ஸ்அப் மட்டும் போதும் என்று இருந்துவிடக் கூடாது.

'அட்வான்சுல கழிச்சுக்கோங்க' என்று கடைசி இரண்டு மாதம் வாடகை தராமல் இருப்பவர்கள் உண்டு. ஓனர் ஒத்துக்கொண்டால் சரி. ஒத்துக்கொள்ளாவிட்டால் அது வாடகை பாக்கி. பிறகு நியாயம் பேச வாய் வராது.

அடுத்த சண்டை பெயிண்ட். சுவருக்கு வெள்ளையடிப்பது, கதவு ஜன்னலுக்கு பெயிண்ட் அடிப்பது எல்லாம் ஓனர் பொறுப்பு என்று, 2019 பிப்ரவரியில் அமலுக்கு வந்த தமிழக வாடகை சட்டத்தின் அட்டவணையே சொல்கிறது. ஒழுகும் குழாயை மாற்றுவது, ஸ்விட்ச், கதவு பூட்டு, உடைந்த ஜன்னல் கண்ணாடி இவை குடியிருப்பவர் தலையில். அட்வான்சை, நியாயமான பிடித்தம் போக, காலி செய்த ஒரு மாதத்துக்குள் திருப்பித்தர வேண்டும் என்பதும் இதே சட்டம்தான்.

ஆனால் இதே சட்டம் வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், பதிவு செய்ய வேண்டும் என்றும் சொல்கிறது. ஒப்பந்தமே இல்லாதவர் வாடகை அதிகாரியிடம் போய் நின்றால் 'பேப்பர் எங்கே?' என்பதுதான் முதல் கேள்வியாக வரும். அப்போது உங்களுக்கு இருக்கும் துணை, அட்வான்ஸ் கொடுத்ததற்கான ஆதாரம், ஜிபே-யில் வாடகை போட்ட கணக்கு, மேலே சொன்ன கையெழுத்து காப்பி, இவ்வளவுதான். கையில் காசாக வாடகை கொடுப்பவர்கள் மாதாமாதம் ரசீது கேளுங்கள். ரசீது வாங்குவது உங்கள் உரிமை.

காலி செய்யும் நாளில் கரண்ட் மீட்டர் ரீடிங்கையும், காலி அறைகளையும் போட்டோ எடுத்துக்கொண்டு, அட்வான்ஸ் கணக்கை எழுதி இருவரும் கையெழுத்து போட்டபிறகு சாவியைக் கொடுங்கள்.

நாலு பவர்டேபிள் போட்டு ஷெட் வாடகைக்கு எடுத்து தொழில் நடத்துபவர்களுக்கு இந்த 15 நாள் கணக்கு அப்படியே பொருந்தாது. உற்பத்தி தொழிலுக்கான குத்தகைக்கு 6 மாத நோட்டீஸ் என்று அதே 106-வது பிரிவு சொல்கிறது. பதிவுப் பத்திரம் இல்லாத ஷெட்டுக்கு எது பொருந்தும் என்பது வழக்கில் இழுபடும் சமாச்சாரம். அவர்கள் மட்டும் ஒரு வக்கீலைப் பார்த்துவிட்டு மெஷினை வண்டியில் ஏற்றலாம்.