தொட்டது யார்?

கூடையில் கிடக்கும் தக்காளிகளில் ஒன்று அழுகினால், அதை ஒட்டிக் கிடப்பதுதான் அடுத்துக் கெடும். இரண்டும் தொடும் இடத்தில் முதலில் ஓர் ஈரப்புள்ளி. விரல் வைத்தால் தோல் வழுக்கிக்கொண்டு வரும். மறுநாள் பார்த்தால் வெள்ளையாகப் பூஞ்சை பூத்திருக்கும்.

வெரோனா நகரத்து மருத்துவர் ஜிரோலமோ ஃபிராகஸ்டோரோ தொற்றுநோய் பற்றி 1546இல் லத்தீனில் நூல் எழுதியபோது அவருக்கும் பழம்தான் உதாரணமாக உதவியது. திராட்சையிலிருந்து திராட்சைக்கு, ஆப்பிளிலிருந்து ஆப்பிளுக்கு. கண்ணுக்குத் தெரியாத நோய்விதைகள் உண்டு, அவை தொட்டால் பரவும், துணிமணியில் தங்கியும் பரவும், தள்ளி நின்றாலும் வந்து சேரும் என்றார். நுண்ணோக்கி வருவதற்கு முன்பே சொன்னது இது. விதை தங்கும் பொருள்களுக்கு அவர் எடுத்தாண்ட லத்தீன் சொல், சிக்கிமுக்கிக் கல்லின் பொறியைப் பிடித்து வைக்கும் பஞ்சு போன்ற பொருளைக் குறிப்பது. எவ்வளவு பொருத்தம்!

அவருடைய நூலின் தலைப்பிலேயே இருக்கும் சொல்தான் ஆங்கிலத்தில் ‘கன்டேஜன்’. அதற்குள் ஒரு கை ஒளிந்திருக்கிறது: லத்தீனில் ‘டாங்கெரே’ என்றால் தொடுதல். ‘கான்டாக்ட்’ வந்ததும் அங்கிருந்துதான். நம் ‘தொற்று’ வேறு மாதிரி. பஸ்ஸில் தொற்றிக்கொள்கிறோமே, அந்தப் பற்றுதல்தான் அதில் இருக்கிறது. ஆங்கிலச் சொல் தொட்டதைப் பேசுகிறது, நம் சொல் ஒட்டிக்கொண்டதைப் பேசுகிறது.

ரோமானியர்கள் அந்த லத்தீன் சொல்லை நோய்க்கு மட்டும் வைத்துக்கொள்ளவில்லை. குற்றவாளியோடு பழகி ஒட்டும் கறைக்கும் அதுவேதான். 14ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலத்துக்கு வந்தபோதும் இரண்டு பொருளும் சேர்ந்தே வந்தன. இன்று சிரிப்பு, பீதி, வதந்தி, பங்குச்சந்தைச் சரிவு எல்லாவற்றுக்கும் ஆங்கிலத்தில் அந்தச் சொல் பொருந்துகிறது.

ஆனால் சொல் பொருந்தினால் கணக்கும் பொருந்திவிடுமா? 1964இல் டேலி, கெண்டல் என்ற இரு கணிதவியலாளர்கள் வதந்தியை எடுத்துப் பார்த்தார்கள். நோயாளி நாளடைவில் தானே குணமாகிறார். வதந்தி பரப்புகிறவர் அப்படி ஓய்வதில்லை. ‘அதுதான் எனக்கு முன்னாடியே தெரியுமே’ என்று எதிராளி சொன்னதும் ஆர்வம் வடிந்து நிறுத்திவிடுகிறார். அவர்கள் கணக்கின்படி, நூற்றுக்குச் சுமார் 20 பேர் காதில் வதந்தி கடைசிவரை விழுவதே இல்லை. 2007இல் டேமன் சென்டோலா, மைக்கேல் மேசி இருவரும் இன்னொரு வேறுபாட்டைக் காட்டினார்கள். அம்மை ஒட்ட ஒரே ஒருவர் போதும். துணிச்சலோ செலவோ கேட்கும் ஒரு செயலில் நாம் இறங்க, நமக்குத் தெரிந்த பலர் அதைச் செய்வதைப் பார்க்க வேண்டியிருக்கிறது.

நோய்க்கும் மனிதச் செயலுக்கும் உள்ள இந்த வேறுபாட்டை மறந்தால் என்ன ஆகும் என்பதற்கு 1997 சாட்சி. அந்த ஆண்டு ஜூலை 2 அன்று தாய்லாந்து தன் நாணயமான பாட்டை டாலரின் கட்டிலிருந்து அவிழ்த்துவிட்டது. அதுவரை ஒரு டாலருக்கு சுமார் 25 பாட். அடுத்த ஜனவரியில் 50ஐத் தாண்டிவிட்டது. மலேசியா, இந்தோனேசியா, தென்கொரியா என்று சரிவு படர, பத்திரிகைகள் ‘ஆசியக் காய்ச்சல்’ என்று எழுதின. இந்தப் பெயர் எனக்கு உறுத்துகிறது. காய்ச்சல் என்று சொல்லிவிட்டால் அது யார் செய்ததும் இல்லை, தானாக வந்தது என்றாகிவிடும். குறுகிய காலக் கடனாக டாலரை அள்ளிக் கொடுத்தவர்களும், அதை அள்ளி வாங்கியவர்களும், ஓரிடத்தில் ஆட்டம் கண்டதும் பக்கத்து நாடுகளிலிருந்தும் பணத்தை உருவிக்கொண்டவர்களும் ஆட்களே, கிருமிகள் அல்ல. தொடுதலிலிருந்து பிறந்த ‘கன்டேஜன்’ என்ற சொல், தொட்ட கையையே மறைத்துவிட்டது.

அதே தென்கொரியாவில் 1998 ஜனவரியில் நாட்டின் கடனை அடைக்கத் தங்கம் திரட்டினார்கள். கல்யாண மோதிரத்தையும், குழந்தையின் முதல் பிறந்தநாளுக்கு வந்த குட்டி மோதிரங்களையும் கழற்றிக்கொண்டு வந்து ஜனங்கள் வரிசையில் நின்றார்கள். அக்கம்பக்கத்தார் நிற்பதைத் தொலைக்காட்சியிலும் தெருவிலும் பார்த்தார்கள். சுமார் 35 லட்சம் பேர் கொடுத்த தங்கம் 220 டன்னைத் தாண்டியது.