லொறி நிற்கும் இடத்தை எழுதாத கேள்விப் பத்திரம்

2017 மே 12ஆம் திகதி நோர்வூட்டுக்கு வந்த இந்தியப் பிரதமர் நரேந்திர மோடி, மலையகத்துக்கு மேலும் 10,000 வீடுகளை அறிவித்தார். அதற்கு முன்பே 4,000 வீடுகளுக்கான திட்டம் நடந்துகொண்டிருந்தது. 7 பேர்ச் காணியில் 550 சதுர அடி வீடு. வரைபடம் ஒன்றுதான். ஆனால் பிரதான பாதையோரத்தில் கட்டும் வீட்டுக்கும் தேயிலை மலையின் உச்சியில் கட்டும் வீட்டுக்கும் செலவு ஒன்றாகுமா? ஹட்டனில் ஹார்ட்வெயார் கடை வைத்திருக்கும் எமது சகோதரர்களிடம் கேட்டால் சிரிப்பார்கள்.

2025 நவம்பர் இறுதியில் வீசிய டித்வா சூறாவளியின் மண்சரிவுகளுக்குப் பின்னர், கட்டவும் திருத்தவும் மலையகத்தில் வேலை ஏராளம். ஆகவே கேள்விப் பத்திரம் எழுதுவோர் முதலில் கவனிக்க வேண்டியது இந்தச் செலவைத்தான்.

"பொருட்களைத் தளத்தில் ஒப்படைக்க வேண்டும்" என்று ஒரு வரி போட்டுவிடுகிறார்கள். தளம் எது? தொழிற்சாலை முற்றமா, லயனுக்கு மேலேயுள்ள மேடா? லொறி முற்றத்தோடு நின்றுவிட்டால் மிகுதித் தூரம் டிரக்டர் அல்லது தலைச்சுமை. 200 மூட்டை சீமெந்து என்றால் 10 தொன். ஆளுக்கு ஒரு மூட்டையாக 200 நடை. ஒரு கியூப் மணல் 4 தொன்னுக்கும் மேல். இடம் தெரிந்த வியாபாரி இந்தக் கூலியைச் சேர்த்து விலை போடுகிறார். தெரியாதவர் சேர்ப்பதில்லை, விலை குறைவு என்பதால் அவருக்கே வேலை கிடைக்கிறது. பாதியில் மேலதிகப் பணம் கேட்டு வேலையை நிறுத்துவார். அதுவரை தகரக் கொட்டிலில் இருப்பது அந்தக் குடும்பம்.

அரசாங்கத்தின் 2006ஆம் ஆண்டுப் பெறுகை வழிகாட்டிகூட வெறுமனே குறைந்த விலைக்குக் கொடுக்கச் சொல்லவில்லை. நிபந்தனைகளுக்குப் பொருந்தி, மதிப்பீட்டின் பின் குறைந்ததாக வரும் விலைமனுவையே அது சொன்னது. நிபந்தனையே தெளிவில்லை என்றால் எதை வைத்து மதிப்பிடுவது? இஸ்லாமிய வர்த்தகச் சட்டம் 'கரர்' என்று தடுப்பதும் இத்தகைய நிச்சயமின்மையைத்தான். பள்ளிவாசல் கட்டட வேலைக்கு விலை கோரும் நிர்வாகிகளுக்கும் இது பொருந்தும். (அவர்களில் சிலர் தொலைபேசியிலேயே விலை கேட்டு முடித்துவிடுகிறார்கள்!)

எனவே லொறி எதுவரை போகும், அங்கிருந்து எத்தனை மீற்றர், எத்தனை படி என்று எழுதுங்கள். சுமைகூலிக்குத் தனி வரி வையுங்கள். அப்போதுதான் ஒருவர் விலையை மற்றவருடையதோடு ஒப்பிடலாம். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு அறிக்கையை நீங்களே பெற்று இணையுங்கள். ஒப்பந்தகாரர் தலையில் கட்டாதீர்கள். காலக்கெடுவில் மழையையும் பாருங்கள். மஸ்கெலியாவில் ஜனவரியில் தொடங்கும் 90 நாளும் தென்மேற்குப் பருவமழையில் தொடங்கும் 90 நாளும் ஒன்றல்ல.

விலை போடும் வியாபாரிகளே, சந்தேகம் இருந்தால் முடிவுத் திகதிக்கு முன் எழுத்தில் கேளுங்கள். பதிலை உங்களுக்கு மட்டுமன்றி, பத்திரம் வாங்கிய எல்லோருக்கும் அனுப்பும்படியும் அதே கடிதத்தில் கேளுங்கள்.