உறைந்த மண் இளகுது... கோரை பெருகுது!

சுவீடன் நாட்டின் வடகோடியில், துருவ வட்டத்துக்கும் வடக்கே சுமார் 200 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது அபிஸ்கோ. அதன் அருகே ஸ்டோர்டாலன் என்றொரு சதுப்பு நிலம். நர்சரிகளில் பயன்படும் 'கோகோ பீட்' என்ற பெயரில் உள்ள 'பீட்', அசலாகக் கிடப்பது இதுபோன்ற இடங்களில்தான். பாசியும் வேரும் முழுதாக மக்காமல், பல ஆயிரம் ஆண்டுகளாக அடுக்கடுக்காகச் சேர்ந்த மண் அது. அதன் அடிப்பகுதி ஆண்டு முழுக்க உறைந்தே கிடக்கும். உள்ளே பனிக்கட்டி பருத்ததால் நிலம் மேடுமேடாக உப்பி நிற்கிறது. கோடையில் மேலே அரை மீட்டர் சொச்சம்தான் இளகும். செடிகளின் பிழைப்பெல்லாம் அதற்குள்தான்.

இப்போது அந்த இளகல் ஆழமாகிக்கொண்டே போகிறது. அபிஸ்கோவின் ஆண்டுச் சராசரி வெப்பநிலையே பூஜ்ஜியம் டிகிரியைத் தாண்டிவிட்டது.

மண் இளகினால் செடிக்கு நல்லதுதானே என்று தோன்றும். அதில் பாதிதான் உண்மை. உறைந்த பீட்டில் பூட்டிக் கிடந்த தழைச்சத்து, இளகும்போது வெளியே வருகிறது. ஆனால், இளகல் அதிக ஆழத்தை எட்டுவது செப்டம்பர் வாக்கில். அதற்குள் மேலே இலைகள் பழுக்கத் தொடங்கிவிடும். கதிர் முற்றிய பிறகு உரம் வைத்த கதைதான். அதுவும் சத்து இருப்பது அடியில். மேலாக வேர்விடும் செடிகளுக்கு எட்டாது. அபிஸ்கோ பகுதியில் ஆழத்தில் உரம் வைத்துச் சோதித்தபோது, கிளவுட்பெர்ரி போன்ற ஆழ வேர்ச் செடிகள்தான் கூடுதலாக வளர்ந்தன.

உரத்தைவிடப் பெரிய மாற்றத்தைக் கொண்டுவருவது தண்ணீர். உள்ளிருக்கும் பனிக்கட்டி உருகியதும் மேடு அப்படியே உள்வாங்கிவிடுகிறது. பள்ளத்தில் நீர் தேங்க, மேட்டில் இருந்த குறுஞ்செடிகளும் கற்பாசியும் மூழ்கிச் சாகின்றன. ஈரத்தில் முதலில் ஸ்பாக்னம் பாசி பரவுகிறது. தண்ணீர் நின்றுவிட்டால் பருத்திப்புல்லின் ராஜ்ஜியம்தான். பெயரில்தான் புல், உண்மையில் அது கோரைக் குடும்பம். நெல்லைப் போலவே இதற்கும் உடலுக்குள் காற்றுக்குழல்கள் உண்டு. அதனால் சேற்றில் வேர் மூச்சு முட்டாமல் பிழைத்துக்கொள்கிறது.

சேற்றில் உருவாகும் மீத்தேன் வாயு மேலே வருவதும் அதே குழல்கள் வழியாகத்தான். நீர் கட்டிய நெல் வயலிலும் இதுவே நடக்கிறது. நிலம் பச்சைப்பசேல் என்று தெரிந்தாலும், உலகைச் சூடாக்கும் வாயு அங்கிருந்து கூடுதலாகக் கிளம்புகிறது. வடதுருவத்தைச் சுற்றியுள்ள உறைமண் பகுதிகளில் தேங்கியிருக்கும் கரிமம் சுமார் 1.5 லட்சம் கோடி டன். காற்றில் இப்போது உள்ளதைப் போல் ஏறத்தாழ இரு மடங்கு!

இந்த வட்டாரத்தில் பனிமான் மேய்க்கும் சாமி பழங்குடியினருக்குத் தீவனக் கணக்கும் முக்கியம். வசந்தகாலத்தில் மான்கள் பருத்திப்புல்லை விரும்பித் தின்னும். குளிர்காலத்தில் பனியைக் குளம்பால் தோண்டி அவை தேடுவதோ கற்பாசியை. பிரியாணி மசாலாவில் சேரும் கல்பாசிக்கு அது தூரத்து உறவு. அது ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர்தான் வளரும். காடு வெட்டுதல், குளிர்கால மழையில் பனி இறுகிப்போதல் என்று கற்பாசி மேய்ச்சலுக்கு வேறு தொல்லைகளும் உண்டு. குளிர்காலத்தில் காசு கொடுத்துத் தீவனம் வாங்கிப் போடும் குடும்பங்கள் அங்கே ஏற்கெனவே இருக்கின்றன.