மோதிரம் வாங்கும் முன்

கிளிநொச்சியில் ஒரு தாய், மகளின் கலியாண எழுத்துக்குக் கல் வைத்த மோதிரம் வாங்க வட்டிக்குக் கடன் எடுக்கப் போவதாகச் சொன்னார். 2009 இடப்பெயர்வில் தாலிக்கொடியையே விற்றவர். "என்ர பிள்ளையின்ர கை வெறுமையா இருக்கக்கூடாது தங்கச்சி" என்றார்.

சகோதரிகளே, எங்கள் வழக்கில் முக்கியம் பொன்னுருக்கும் தாலியும்தான். மோதிரம் மாற்றுவது பின்னர் சேர்ந்தது.

கல் பதித்தது, பெயரெழுத்துப் பொறித்தது எனப் பலவகை உண்டு. ஒரு பவுண் 8 கிராம். 22 கரட்டில் 1000 பங்குக்கு 916 பங்கு தங்கம். 18 கரட்டில் 750. விற்கும்போது செய்கூலி திரும்பாது. கல்லுக்கும் தங்க விலை கிடைக்காது. நிறையும் கரட்டும் எழுதிய பற்றுச்சீட்டைப் பத்திரப்படுத்துங்கள்.

அந்த அக்கா சீட்டுக் காசில் கால் பவுணில் கல்லில்லாத மோதிரம் வாங்கினார். எழுத்து முடிந்தது, கடனில்லை.