வைத்தியரிடம் வாய் திறப்போம்

சங்கத்தின் மகாசபைக் கூட்டத்தில் ஓர் அங்கத்தினர் எழுந்து, "ஐந்தாம் பக்கத்தில் கண்ட செலவுக்கு வவுச்சர் எங்கே?" என்று கேட்பாராயின், அவரைத் துடுக்கர் என்று யாரும் சொல்வதில்லை. கேட்பது அவர் உரிமை. விடையளிப்பது நிர்வாகக் குழுவின் கடமை. ஊர் ஊராகச் சென்று பேரேடுகளைப் புரட்டி இத்தகைய கேள்விகளைக் கேட்பதையே உத்தியோகமாகக் கொண்ட நாம், ஆஸ்பத்திரிக் கட்டில் ஒன்றின் அருகே வாய் மூடி நின்ற கதையை இங்கு எழுதத் துணிகிறோம். வெட்கந்தான், ஆயினும் அங்கத்தினர்களுக்குப் பயன்படும் என்று கருதியே எழுதுகிறோம்.

சென்ற ஆண்டு ஐப்பசியில் நமது அன்னையாருக்குக் காலில் ஏற்பட்ட சிறு காயம் சீழ்ப்பிடித்து, முழங்கால் வரை சிவந்து வீங்கிக் காய்ச்சலும் கண்டது. ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். இளம் டாக்டர் ஒருவர் பரிசோதித்துவிட்டு, "இவருக்கு ஏதாவது மருந்து ஒத்துக்கொள்ளாதா?" என்று வினவினார். நாம் கல்லூரியில் படித்த நாளில் அன்னையாருக்கு ஏதோ ஓர் ஊசி போட்ட சிறிது நேரத்தில் உடம்பெல்லாம் தடித்து, முகம் வீங்கி, மூச்சுத் திணறியது நமக்கு நன்றாக நினைவிருந்தது. மருந்தின் பெயர் மட்டும் நினைவில்லை. பெயர் தெரியாமல் உளறுவது பட்டதாரிக்கு இழுக்கு என்று எண்ணினோமோ, பின்னால் காத்து நின்ற கூட்டத்தைக் கண்டு கூசினோமோ, "அப்படி ஒன்றும் இல்லை, ஐயா" என்று சொல்லிவிட்டோம்.

சற்று நேரத்தில் நர்ஸம்மா ஊசியுடன் வந்தார். துணைக்கு வந்திருந்த அடுத்த வீட்டு அத்தை எழுந்து நின்றார். தார் சுற்றிக் காலங் கழிப்பவர். கையெழுத்துப் போட மட்டுமே அறிந்தவர். "அம்மா, கொஞ்சம் பொறுங்கள். முன்னே ஒரு தடவை ஊசி போட்டு இவளுக்கு உடம்பெல்லாம் தடித்து மூச்சு முட்டிப் போயிற்று. என்ன ஊசி என்று எனக்குத் தெரியாது. இது அதுதானா என்று டாக்டரைக் கேட்டுச் சொல்லுங்கள்" என்றார்.

நர்ஸம்மா கோபிக்கவில்லை. ஊசியைத் தட்டில் வைத்துவிட்டு டாக்டரை அழைத்து வந்தார். அது பெனிசிலின் வகையைச் சேர்ந்தது. டாக்டர் மேலும் சில கேள்விகள் கேட்டு வேறு வகை மருந்துக்கு மாற்றினார். ஆஸ்பத்திரிக் குறிப்பேட்டின் தலைப்பில் சிவப்பு மையில் ஒரு வரியும் எழுதினார். பிறகு நம்மை நோக்கி, "கேட்டேனே, நீங்கள் சொல்லியிருக்கக் கூடாதா?" என்றார். நாம் தணிக்கையில் கேட்கும் எத்தனையோ கேள்விகளுக்கு எத்தனையோ காரியதரிசிகள் தலைகுனிந்து நின்றதுண்டு. அன்று நம் முறை.

இதில் அறிய வேண்டியது ஒன்றுண்டு. பெனிசிலின், ஆம்பிசிலின், அமாக்ஸிசிலின் ஆகியவை ஒரே குடும்பத்தவை. ஒன்று ஆகாதவருக்கு மற்றவையும் ஆகாமற் போகலாம். அரிதாக உயிருக்கே ஆபத்தாகவும் முடியலாம். கடையில் விற்கும்போதோ கம்பெனிக்கு ஒரு பெயராக உலவுகின்றன. ஆதலின் பெயரை நினைவில் வைக்க முடியவில்லையே என்று கலங்க வேண்டியதில்லை. என்ன நடந்தது, எப்பொழுது நடந்தது என்று கண்டதைச் சொன்னால் போதும். அது உண்மையான ஒவ்வாமையா அல்லவா என்று தீர்மானிப்பது வைத்தியர் வேலை. அவர் காணாததை அவருக்குச் சொல்வது நம் வேலை.

உழவர் பெருமக்களுக்கும் இது பொருந்தும். பூச்சி மருந்து தெளித்தவர் வியர்த்து, வாயில் நீர் ஒழுக மயங்கி விழுந்தால், உறவினர் அவரை வண்டியில் ஏற்றிக்கொண்டு ஓடுகிறார்கள். டப்பாவை வரப்பில் விட்டுவிடுகிறார்கள். சிலர் போலீஸ் விவகாரமாகிவிடும் என்று அஞ்சி மருந்தின் பெயரையே மறைக்கிறார்கள். டப்பாவின் சீட்டில் மருந்தின் பெயரும் முறிமருந்தும் அச்சிட்டிருக்கும். நச்சின் கடுமையைக் காட்டும் வர்ண அடையாளமும் உண்டு. சிவப்பு மிகக் கொடியது. அந்த டப்பாவையோ சீட்டையோ கையோடு கொண்டுபோவது, ஆயிரம் வார்த்தை பேசுவதற்குச் சமம்.

இனிக் கையெழுத்து விஷயம். எழுதாத தீர்மானப் புத்தகத்தில் கையொப்பமிட்ட இயக்குநர்களை நாம் கண்டித்ததுண்டு. அதே இயக்குநர்கள் ஆஸ்பத்திரியில் நீட்டிய தாளில் படிக்காமல் கையொப்பமிடுவதையும் கண்டிருக்கிறோம். டில்லியில் 44 வயதுப் பெண்மணி ஒருவர் வயிற்றுக்குள் கருவி செலுத்திப் பார்க்கும் பரிசோதனைக்கு இசைந்தார். அவர் மயக்கத்தில் இருக்கையில், வெளியே இருந்த தாயாரின் சம்மதத்தைப் பெற்றுக் கருப்பையையும் சினைப்பைகளையும் அகற்றிவிட்டார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. பரிசோதனைக்குத் தந்த சம்மதம் சிகிச்சைக்குத் தந்த சம்மதம் ஆகாது, உயிருக்கு உடனடி ஆபத்து இல்லாதபோது வயது வந்தவருக்காக மற்றவர் இசைவு தருவது செல்லாது என்று 2008 ஜனவரியில் தீர்ப்பாயிற்று. அந்த அறுவைக்குக் கட்டணம் பெறக் கூடாது என்றும், 25,000 ரூபாய் நஷ்டஈடு தர வேண்டும் என்றும் உத்தரவாயிற்று. தொகை சிறிதென்பதே நம் அபிப்பிராயம், தீர்ப்பு சிறிதன்று. என்ன சிகிச்சை, எதற்காக, வேறு வழி உண்டா, செய்துகொள்ளாவிடில் என்ன ஆகும் என்பவற்றை நோயாளிக்கு விளக்கிய பின்னரே சம்மதம் பெற வேண்டும் என்று அதில் கண்டிருக்கிறது. ஆகவே இவற்றைக் கேட்பது அதிகப்பிரசங்கம் அன்று. மேலும், 2002-ஆம் ஆண்டு மருத்துவக் கவுன்சில் விதிகளின்படி, தம் சிகிச்சைக் குறிப்புகளை நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும்.

டாக்டர்கள் பக்கத்தையும் சொல்ல வேண்டும். வாசலில் நூறு பேர் நிற்க, ஒருவருக்குச் சில நிமிஷங்களே கிடைக்கின்றன. நம்மவரோ வயிற்று வலியைச் சொல்ல வந்து, மைத்துனி கலியாணத்தில் தொடங்குகிறார்கள். கேட்க வேண்டிய இரண்டு மூன்றையும் வீட்டிலேயே ஒரு தாளில் எழுதிக்கொண்டு போகலாம். சாப்பிட்டுவரும் மாத்திரைகளின் அட்டைகளை ஒரு பையில் போட்டுக் கொண்டுபோகலாம். நோயுற்றவர் பேச மாட்டாராயின், பேசக்கூடிய ஒருவர் உடன் செல்ல வேண்டும். அவர் படித்தவராக இருக்க வேண்டும் என்பதில்லை என்று நாம் அறிந்துகொண்டோம்.

அன்னையாருக்கு ஒன்பதாம் நாள் கால் தேறிற்று. 'பெனிசிலின் வகை ஆகாது' என்று டாக்டர் கையொப்பமிட்டுத் தந்த அட்டை, சங்கப் பாஸ் புத்தகத்தோடு தகரப் பெட்டியில் இருக்கிறது. வீடு திரும்பிய மறுநாள் மாலை அத்தை வந்தார். முந்தானை முடிச்சில் நான்கு மாத்திரை அட்டைகள். "தம்பி, நான் எதை எதைத் தின்கிறேன் என்று எனக்கே தெரியாது. எனக்கும் ஒரு சீட்டு எழுதிக் கொடு" என்றார். திண்ணையில் உட்கார்ந்து, அட்டைகளின் பின்புறம் கண்ணுக்குத் தெரியாத எழுத்தில் அச்சிட்ட பெயர்களை ஒவ்வொன்றாகப் படித்து எழுதத் தொடங்கினோம். இரண்டு அட்டைகளில் ஒரே மருந்து வெவ்வேறு பெயரில் இருந்தது. மறுநாட் காலை அத்தையை அழைத்துக்கொண்டு டாக்டரிடம் போனோம். இம்முறை நாமே பேசினோம்.